எடை இருக்கும் கால்

ஜூலை 4

அன்புள்ள குருவிக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். பன்னிரண்டு தாண்டியிருக்கும். மணி பார்க்க வேண்டுமென்றால் அறை விளக்கைப் போட வேண்டும், போட்டால் தொட்டிலில் சொப்பு விழித்துக்கொள்வாள். குளியலறை விளக்கைப் போட்டு, கதவை ஒருக்களித்து வைத்து, தரையில் விழும் அந்தக் கீற்றுக்குள் காகிதத்தை வைத்திருக்கிறேன். கையெழுத்து கோணலாகப் போனால் பழி கதவுக்கு.

இங்கே மூவரும் சௌக்கியம். உன் அண்ணன் ஏதோ ஆஸ்பத்திரி லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது என்று பழுதுபார்க்கக் கிளம்பிப் போயிருக்கிறார். சொப்புவுக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டது, என் தோளில் அச்சுப் பதித்துக் காட்டினாள். நீ எப்படி இருக்கிறாய்? விடுதிச் சாப்பாடு உடம்பில் ஒட்டுகிறதா?

விஷயத்துக்கு வருகிறேன். துறையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. என் விடுப்பு இந்தப் பருவத்தோடு முடிகிறது. எழுத்துத் தாள்களும் பரதமும் போன வருடமே முடித்தாயிற்று, நவீன நடனச் செய்முறை ஒன்றுதான் பாக்கி. நவம்பரில் வந்து ஆடினால் பட்டம். ஆடாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள், மறுபடி சேர வேண்டுமென்றால் முதல் வருடத்திலிருந்து. வகுப்புக்கு வராமல் தேர்வுக்கு மட்டும் வர மேடம் அனுமதித்திருக்கிறார். இருவர் ஆட்டம், ஜோடியாக யார் என்று கேட்டிருந்தார். உன்னைக் கேட்காமலே உன் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொள்வாயா?

நாம் இரண்டு பேரும் ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள். உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நான் மட்டும் வரிசையைவிட்டு வெளியே வந்தேன். இப்போது திரும்பி வந்து நிற்க இடம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. எனக்கு இருப்பது பரதத்தின் அரைமண்டியில் வளர்ந்த உடம்பு. அதிலும் ஒரு பிள்ளை பெற்ற உடம்பு. இந்த மூச்சை விடு, எடையை விடு, தரையில் விழு என்கிற ஆட்டம் எனக்கு வருமா?

உன் அண்ணனிடம் பாடத்தைச் சொன்னேன். "உலகத்துல எதுவும் விழாம பாத்துக்கிறது என் பொழப்பு. நீ விழறதுக்குப் பட்டம் வாங்கப் போறியா?" என்கிறார்.

வகுப்பில் சொல்லித்தருவதை எனக்கு எழுதி அனுப்பு. போன் வேண்டாம். உன் விடுதி வாசலில் பின்னால் ஆறேழு பேர் நின்றுகொண்டிருக்கும்போது இடுப்பைப் பற்றி நீ எப்படிப் பேசுவாய்?

உன் அண்ணி


ஜூலை 13

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்கள், அண்ணன், இரண்டு பல் ராணி எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். (இந்த "நீங்கள்" கடிதத்தை அண்ணன் எடுத்துப் படித்தால் மரியாதையாக இருக்கட்டுமே என்று. இனிமேல் "நீ"தான். என்னிடம் நோட்டு இரவல் வாங்கியவளுக்கு என்ன "நீங்கள்"?)

ஜோடியாக என் பெயரைப் போட்டதற்குக் கோபமா? வேறு யார் பெயரையாவது போட்டிருந்தால் ரயிலேறி வந்து சண்டை பிடித்திருப்பேன்.

ஆட்டம் இதுதான். மூன்று பகுதி. மூன்றிலும் இருவரும் அடுத்தடுத்து நின்று ஒரே மாதிரி ஆடுகிறோம். கடைசியில் நீ பக்கவாட்டில் விழ வேண்டும், நான் இடுப்பில் தாங்கித் தரைக்கு இறக்க வேண்டும். குருவி யானையைத் தாங்கும் காட்சி என்று வகுப்பில் இப்போதே பேச்சு.

முதல் பகுதி. கால் இரண்டும் சேர்த்து நில். மூச்சை இழுக்கும்போது விலா குடை மாதிரி விரியும், விரியட்டும். விடும்போது முதுகைத் தலையிலிருந்து அவிழ்த்துக்கொண்டே வா. பரதத்தில் நம் முதுகு கம்பம், இங்கே அது கொடியில் போட்ட துணி. கழுத்துதான் கடைசிவரை முறைத்துக்கொண்டு நிற்கும், அதைக் கெஞ்ச வேண்டும். பிறகு வலது பக்கம் சாய். அடிவயிறு "ஐயோ" என்னும் இடம் ஒன்று வரும். அதற்கு மேல் சாய்ந்தால் கால் தானாக உன்னைப் பிடித்துக்கொள்ளும். வைக்காதே, பிடிக்கட்டும். எடை முழுக்க வலது காலில் வந்து உட்காரும்போது முட்டிக்குப் பின்னால் ஒரு சூடு தெரியும். அங்கே முதல் பகுதி முடிந்தது.

நம் மேடத்துக்கு இப்போது "புவியீர்ப்பு" என்று பெயர். தினமும் ஒரே மந்திரம்: "தரையை நம்புங்கம்மா, அது எங்கயும் ஓடிப் போயிடாது." ஆளில்லாமல் தனியாக விழப் பழகினவளுக்குத்தான் ஆள் தாங்கும்போது விழத் தெரியும் என்கிறார். ஆகவே நீ வீட்டில் தனியாக விழுந்து பழகு. எப்படி என்று பின்பக்கத்தில் படம் போட்டிருக்கிறேன், உருளைக்கிழங்கு மாதிரி இருப்பது நீ.

குருவி


ஜூலை 27

அன்புள்ள குருவிக்கு,

எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது. இதையும் அந்தக் கீற்று வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன்.

விலா விரிந்தது! முதல் தடவை ஒன்றும் புரியாமல் நின்றேன், பிறகு திடீரென்று விரிந்தது. கர்ப்பத்துக்குப் பிறகு இந்த உடம்பு எனக்கென்று செய்த முதல் வேலை இதுதான் என்று தோன்றியது. கழுத்து நீ சொன்னபடியே முறைக்கிறது. வலது பக்கம் சாயும்போது அலமாரிக் கைப்பிடி முழங்கையில் இடிக்கிறது, அதனால் கொஞ்சம் குறைத்துச் சாய்கிறேன். கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் நடுவில் இடம் அவ்வளவுதான். சொப்பு தூங்கும் நேரத்தில் பழகிவிடுகிறேன்.

ஆடும்போது நடுநடுவே நிறுத்தி அவள் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சிரிக்காதே. மூச்சை விடு, விடு என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் மூச்சு கேட்கவில்லை என்றால் பக்கென்று இருக்கிறது.

உன் அண்ணன் கூடத்து மேஜையைத் தன்னந்தனியாகத் தூக்கி வெளியே வைத்துவிட்டார். நாற்காலிகளும் வெளியே போய்விட்டன. "இப்ப ஆடு, யானையே வந்து ஆடலாம்" என்றார். நீ அந்த யானைக் கதையை அவருக்கும் எழுதினாயா?

சந்தேகங்கள்: கண் எங்கே பார்க்க வேண்டும்? கையை நாம் பிடிப்பதா, அதுவாகத் தொங்குவதா? முதல் பகுதிக்கு இசை உண்டா, மூச்சுச் சத்தம் மட்டுமா? இரண்டாம் பகுதியை அனுப்பு.

உன் அண்ணி


ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணிக்கு,

சௌக்கியம். சொப்பு மூக்குக்குக் கீழே விரல் வைக்கும் செய்தியை வகுப்பில் யாருக்கும் சொல்லவில்லை, பயப்படாதே. ஆனால் நானும் பக்கத்துக் கட்டில்காரிக்கு ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தேன். அவள் கடித்துவிட்டாள்.

கண், உனக்கு முன்னால் தரையில் ஓர் ஆள் தூரத்தில். கை தொங்கட்டும், ஈரத் துண்டு மாதிரி. இசை இரண்டாம் பகுதியில்தான் வரும், முதலில் உன் மூச்சேதான்.

இரண்டாம் பகுதி. வலது காலில் உட்கார்ந்த எடையை அப்படியே வைத்துக்கொண்டு இடது காலை ஒரு கதவைத் தள்ளுவது மாதிரித் தள்ளு. கால் போகும், இடுப்பு பின்னாலேயே போக ஆசைப்படும். போகவிடு. குறுக்கே அறையின் மறுகோடிவரை ஓட்டமும் சறுக்கலுமாகப் போகிறோம், இங்கேதான் மூச்சு வாங்கும். திரும்பும்போது உள்ளங்கால் எரியும். எரியாவிட்டால் நீ திரும்பவில்லை, நடந்திருக்கிறாய். கடைசியில் இடது காலில் எடையைக் கொட்டி நிற்கிறோம். வலது கால் காலியாகத் தொங்கும், காற்றில் ஆடும் கயிறு மாதிரி. அந்தக் காலியான கால்தான் அடுத்த பகுதியைத் தொடங்கும்.

நான் கேட்க வேண்டியது ஒன்று. விழுவது எப்படி வருகிறது? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. உருளைக்கிழங்குப் படம் புரியவில்லையா?

குருவி


ஆகஸ்ட் 24

அன்புள்ள குருவிக்கு,

தாமதத்துக்குக் காரணம் சொப்புவின் காய்ச்சல். இப்போது தேவலை. டாக்டர் "பல் வர்ற காய்ச்சல்தாம்மா" என்று சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவள் தூங்கும்போது நான் தூங்குவதில்லை, அவள் விழித்திருக்கும்போதும் தூங்க முடிவதில்லை. உன் அண்ணன் என்னைப் பார்த்து, "நீ என்ன வாட்ச்மேன் வேலைக்கா சேந்திருக்க?" என்கிறார்.

கீழ்வீட்டுத் தையற்கார அக்கா, "பிள்ளைய ஒரு மணி நேரம் எங்கிட்ட குடு, நான் என்ன அவளச் சட்டையோட சேத்தா தைச்சுடுவேன்?" என்று கேட்டார். கொடுக்கலாம்தான். அங்கே ஊசி இருக்கிறது, கத்தரி இருக்கிறது, பொத்தான்கள் இருக்கின்றன. பொத்தானை வாயில் போட்டுவிட்டால்? அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன்.

இரண்டாம் பகுதி நன்றாக வருகிறது. குறுக்கே ஓடும் இடத்தைக் கொஞ்சம் சுருக்கி, கட்டிலைச் சுற்றி வருகிற மாதிரி வைத்துக்கொண்டேன். அங்கே வந்து பெரிய மேடையில் விரித்துக்கொள்ளலாம் இல்லையா? இடது காலில் எடை வந்து உட்காருவது அப்படியே தெரிகிறது. அந்தக் கணம் எனக்குப் பிடித்திருக்கிறது. எல்லாம் ஒரு காலில் வந்து சேர்ந்து, மற்றது காலியாக.

மூன்றாம் பகுதியை அனுப்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


செப்டம்பர் 20

அன்புள்ள அண்ணிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிப்பு. வேலை அதிகம், உள்தேர்வு, அது இது. நான் நன்றாக இருக்கிறேன். சொப்பு நலம்தானே?

மூன்றாம் பகுதி. இடது காலை எடுத்து முன்னால் வைத்து, கையை மெதுவாக மேலே கொண்டுபோக வேண்டும். பார்க்க மிக அழகாக இருக்கும். பிறகு வலது பக்கமாக, இடது என்று எழுதி அடித்திருப்பதை விட்டுவிடு, வலதுதான், ஒரு வட்டம். எல்லோரும் சேர்ந்து திரும்பும்போது பாவாடைகள் ஒரே நேரத்தில் விரியும், கண்கொள்ளாக் காட்சி. பிறகு முன்னால் வந்து, நின்று, விழ வேண்டும். விழுவது இடது பக்கம். அந்த இடத்தில் நல்ல அமைதி.

இவ்வளவுதான். ஏதாவது புரியாவிட்டால் எழுது. பழகுவதை விட்டுவிடாதே.

குருவி


அக்டோபர் 2

அன்புள்ள குருவிக்கு,

எல்லோரும் சௌக்கியம். நான் மட்டும் அவ்வளவாக இல்லை.

மூன்றாம் பகுதி எனக்கு வரவில்லை. தொடங்கவே வரவில்லை. இரண்டாம் பகுதி முடியும்போது என் எடை முழுக்க இடது காலில் நிற்கிறது. அங்கிருந்து இடது காலை எடுத்து முன்னால் வை என்று எழுதியிருக்கிறாய். எடை இருக்கும் காலை எப்படி எடுப்பது? முதலில் எடையை வலதுக்கு மாற்றி, பிறகு எடுத்தேன். அப்படிச் செய்தால் இசைக்குப் பின்தங்கிவிடுகிறேன். சின்னதாக ஒரு குதி போட்டு மாற்றிப் பார்த்தேன், அசிங்கமாக இருக்கிறது, சொப்புகூட உற்றுப் பார்த்தாள். இரண்டாம் பகுதியையே தப்பாகப் பழகிவிட்டேனோ என்று முதல் பகுதிக்குப் போனேன், இப்போது அதுவும் குழம்பிவிட்டது.

ஒரு வருடத்தில் இவ்வளவு மந்தமாகிவிட்டேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதற்கு வைத்தோம் என்று நிற்கிறேன், இந்த மூளையை வைத்துக்கொண்டு தேர்வா? மேடத்துக்கு எழுதி வரவில்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறேன். உன்னையும் ஏன் என்னோடு கட்டி இழுக்க வேண்டும்? வேறு நல்ல ஜோடி கிடைக்கும் உனக்கு.

சொப்பு தொட்டில் கம்பியைப் பிடித்து நிற்கத் தொடங்கிவிட்டாள். நிற்பதைப் பார்த்தால் எனக்கு இரண்டு கையும் தானாக நீளுகிறது.

உன் அண்ணி


அக்டோபர் 8

அன்புள்ள குருவிக்கு,

உன் பதிலுக்குக் காத்திராமல் மறுபடியும் எழுதுகிறேன்.

இன்று காலை சொப்பு தொட்டில் கம்பியைப் பிடித்து நின்றாள், நான் எதிரே உட்கார்ந்து டாட்டா காட்டினேன். நான் வலது கையை ஆட்டினேன். அவள் இடது கையை ஆட்டினாள். நான் இடதுக்கு மாறினேன், அவள் வலதுக்கு மாறினாள். எதிரே இருப்பவர் எந்தப் பக்கம் அசைக்கிறாரோ அந்தப் பக்கத்துக் கை. எதிரே நின்று பார்ப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

சோறூட்டிவிட்டு உன் கடிதங்களை எடுத்து வரிசையாகப் பரப்பினேன்.

குருவி, உன் மூன்றாம் பகுதியில் வலதும் இடதும் மாறியிருக்கின்றன. மாற்றிப் போட்டுப் பார்த்தேன், வெண்ணெயில் கத்தி போகிற மாதிரிப் போகிறது. வலது கால் காலியாகத் தொங்குகிறது, வலது காலை எடுத்து வைக்கிறேன், அவ்வளவுதான். நான் தப்பாகப் பழகவில்லை.

ஆனால் நீ இப்படி மாற்றி எழுதுகிறவள் இல்லை. ஆடிவிட்டு வந்து எழுதினால் மாறாது. உடம்புக்குத் தன் வலது தெரியும். வகுப்புக்கு எதிரே உட்கார்ந்து பார்ப்பவளுக்குத்தான் மாறும்.

இன்னொன்று. முதல் இரண்டு பகுதியிலும் விலா விரிகிறது, முட்டிக்குப் பின்னால் சுடுகிறது, உள்ளங்கால் எரிகிறது. மூன்றாம் பகுதியில் "பார்க்க அழகு", "கண்கொள்ளாக் காட்சி". ஆடுகிறவளுக்குத் தன் பாவாடை விரிவது எங்கே தெரியப் போகிறது? உன் கடிதத்தில் நான் அடித்தல் திருத்தலைப் பார்த்ததும் இதுதான் முதல் தடவை.

நீ ஆடவில்லை. எவ்வளவு நாளாக ஆடவில்லை? ஏன்?

என் மந்தத்தைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதியதை எல்லாம் கிழித்துப் போடு. மறைக்காமல் எழுது.

உன் அண்ணி


அக்டோபர் 22

அன்புள்ள அண்ணிக்கு,

உன்னை மந்தம் என்று யார் சொன்னது? போலீஸில் சேர்ந்திருக்கலாம்.

ஆமாம். ஆகஸ்ட் கடைசியிலிருந்து உட்கார்ந்துதான் இருக்கிறேன். வலது முழங்காலில் தசைநார் கிழிந்துவிட்டது. ஆடும்போது விழுந்து கிழிந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது ஒரு கௌரவம் இருக்கும். நனைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு விடுதிப் படியில் வழுக்கினேன். இத்தனை வருடம் விழக் கற்றுக்கொண்டது எல்லாம் வாளி கையில் இருந்தால் உதவாது போலிருக்கிறது. வாளியைக் காப்பாற்றினேன்.

இந்த வருடம் நான் தேர்வு ஆட மாட்டேன். அடுத்த வருடம் என்றால் டாக்டர் பேச்சை மாற்றுகிறார். வகுப்பில் இசைப்பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் என்னைப் பார்த்து ஆடுகிறார்கள். முதல் நாள் பார்க்க முடியவில்லை, காலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகுதான் உனக்கு எழுதினேன். எழுதும்போது மனதுக்குள் ஆடிப் பார்த்துத்தான் எழுதுவேன் எப்போதும். இந்தத் தடவை ஆடிப் பார்க்க மனம் வரவில்லை. பார்த்ததை எழுதிவிட்டேன். மாறியிருக்கும் என்று தெரியவே இல்லை. அந்த ஒன்றுக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், முழங்காலுக்காக இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால், "அடடா, ஜோடிக்கு அடிபட்டுவிட்டதே, இனி நான் எங்கே வருவது" என்று நிம்மதியாகப் பாயை விரித்துப் படுத்துவிடுவாய் என்று பயந்தேன். நீ சாக்குத் தேடிக்கொண்டிருக்கிறாய் அண்ணி. உனக்கே தெரியாமல் தேடுகிறாய்.

நீ மட்டும்தான் கடிதத்தைப் பரப்பிப் படிப்பாயா? நானும் பரப்பினேன். ஒவ்வொரு கடிதத்திலும் கட்டில் வருகிறது, தொட்டில் வருகிறது, அலமாரிக் கைப்பிடி வந்து இடிக்கிறது. அண்ணன் மேஜையைத் தூக்கி வெளியே போட்ட கூடம் எங்கே? ஒரு நாளாவது அங்கே போய் ஆடினாயா? குறுக்கே ஓடுவதைச் சுருக்கி, கட்டிலைச் சுற்றி வருகிறாளாம்! சொப்புவைக் கண்ணைவிட்டு எடுக்காமல் ஆட எவ்வளவு இடம் இருக்கிறதோ, அவ்வளவுதான் உன் ஆட்டம்.

விழுவது எப்படி வருகிறது என்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. நீ ஒரு தடவைகூட விழவில்லை என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் திட்டு.

உன்னைத் திட்டுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. அங்கே நீ தூங்காமல் இருப்பதை நான் படித்துவிட்டு இங்கே நிம்மதியாகத் தூங்குகிறவள்தானே. ஆனால் ஒன்று சொல்கிறேன். என்னால் ஆட முடியாது. உன்னால் முடியும்.

ஜோடி பற்றிக் கவலைப்படாதே. தாடிக்காரர் நினைவிருக்கிறாரா, பின்வரிசையில் நிற்பாரே, எதற்கெடுத்தாலும் "பரவாயில்லை" என்பாரே, அவருடைய ஜோடி படிப்பை விட்டுப் போய்விட்டாள். உன்னைத் தாங்கச் சம்மதமா என்று கேட்டேன். "பரவாயில்லை" என்றார். மேடமும் சரி என்றுவிட்டார். தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் நீ இங்கே இருக்க வேண்டும்.

அண்ணனிடம் சொல்லாதே.

குருவி


நவம்பர் 3

அன்புள்ள குருவிக்கு,

உன் கடிதம் வந்து ஐந்தாறு நாளாகிறது. படித்த அன்று உனக்கு எழுத உட்கார்ந்தேன், முழங்காலைப் பற்றி ஒரு வரி எழுதினேன், நன்றாக இல்லை, கிழித்தேன். இன்னொன்று எழுதினேன், அதுவும் ஆறுதல் சொல்கிற மாதிரி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வலி எப்படி இருக்கிறது, படியேற யார் துணை, வாளியை இப்போது யார் தூக்குகிறார்கள், இதெல்லாம் தெரிய வேண்டும்.

நீ எழுதியது எதுவும் தப்பில்லை. நான் விழவில்லை. ஒரு தடவைகூட.

நேற்று ஞாயிறு, உன் அண்ணன் வீட்டில் இருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சொப்புவை அவரிடம் கொடுத்து, கூடத்துக்குப் போகிறேன் என்றேன். போய்விட்டுத் திரும்பி வந்து, தண்ணீர் கொடுக்க மறக்காதீர்கள் என்றேன். மறுபடி வந்து, கம்பியைப் பிடித்து நின்றால் பின்னால் கை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மூன்றாவது தடவை வந்தபோது அவர், "நான் இவளோட அப்பா. ஞாபகம் இருக்கட்டும். கதவச் சாத்திட்டுப் போ" என்றார்.

சாத்தினேன். கூடம் எவ்வளவு பெரியது குருவி! மேஜை வெளியே போய் மூன்று மாதமாகியும் அந்தக் கூடத்தை நான் நின்று பார்த்ததே இல்லை. ஓட்டத்தை நீ எழுதியபடி மறுகோடிவரை ஓடினேன். உள்ளங்கால் எரிந்தது. அப்படியென்றால் இத்தனை நாளும் நான் திரும்பவில்லை, நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறேன்.

பிறகு விழ வேண்டிய இடம். நிற்கிறேன், நிற்கிறேன், உடம்பு மாட்டேன் என்கிறது. ஒரு தடவை பாதியில் கையை ஊன்றிவிட்டேன், மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது. அடுத்த தடவை சாய்ந்தேன், நீ சொன்ன அந்த "ஐயோ" வந்தது, அதைத் தாண்டினேன். தொடை, இடுப்பு, விலா, தோள் என்று வரிசையாகத் தரை என்னை வாங்கிக்கொண்டது. ஒரு சத்தமும் இல்லை. கன்னம் தரையில் குளிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து உள்ளே சொப்பு அழுதாள்.

சிணுங்கல் இல்லை, என்னைக் கேட்டு அழுகிற அழுகை. எனக்குத் தெரியும் அது. பாதி எழுந்துவிட்டேன். அப்போது உன் அண்ணன் குரல் கேட்டது: "முதல் மாடி... ரெண்டாம் மாடி... மூணாம் மாடில கரண்ட் போச்சு... அய்யய்யோ, உள்ள யாரு மாட்டிக்கிட்டது?" அவளைத் தூக்கித் தூக்கி இறக்குகிறார் போலிருக்கிறது. இன்னும் கொஞ்சம் அழுதாள். பிறகு ஒரு விக்கல். பிறகு சிரிப்பு.

நான் போகாமலே அழுகை நின்றுவிட்டது.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? தரையில் கிடந்தபடியே கொஞ்ச நேரம் அழுதேன். என்ன அழுகை என்று கேட்காதே, எனக்கே தெரியாது. அப்புறம் எழுந்து மறுபடி விழுந்தேன். இருட்டும்வரை விழுந்துகொண்டே இருந்தேன். கதவைத் திறந்தபோது அப்பாவும் மகளும் ஒருவர்மேல் ஒருவர் கால் போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள். விரலை மூக்குக்குக் கீழே வைக்கவில்லை என்று பெருமையாக எழுதலாம் என்று பார்த்தேன். வைத்தேன். இரண்டு பேருக்கும் வைத்தேன்.

தேர்வுக்கு முந்தைய வாரம் வருகிறேன். அவர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார், தையற்கார அக்கா பகலில் கொஞ்ச நேரம் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார், பொத்தான் டப்பாவைப் பரண்மேல் ஏற்றிய பிறகு. சொப்பு வரவில்லை. இந்த ஒரு வரியை எழுதுவதற்கு எனக்கு இவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. வந்த இடத்தில் பாதி ராத்திரியில் ஊருக்குப் போகிறேன் என்று நான் கிளம்பினால் என் செருப்பை எடுத்து ஒளித்து வை.

உன் அண்ணனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நீயே எழுது. லிஃப்ட் அறுந்து விழுந்தால்கூட அவர் கத்த மாட்டார், ரிப்பேரை மறைத்தால்தான் கத்துவார்.

எனக்கு ஓர் உதவி வேண்டும். தாடிக்காரரோடு நான் ஒரு தடவைகூட ஆடியதில்லை. நான் விழும்போது அவர் எந்தப் பக்கம் நிற்பார், எந்தக் கை என் இடுப்புக்கு வரும், எந்தக் கை தோளுக்கு வரும், எவ்வளவு தூரம் அவர் தாங்குவார், எங்கே விடுவார், எல்லாம் தெரிய வேண்டும். வகுப்பில் அவரை ஆடச் சொல்லிப் பார். என் எடையையும் மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடு, பிறகும் "பரவாயில்லை" என்கிறாரா பார்க்கலாம். நீ மனதுக்குள் ஆடிப் பார்த்து எழுத வேண்டாம். அந்த நாற்காலியிலிருந்து உனக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே எழுது. வலது இடதை நான் திருப்பிக்கொள்கிறேன்.

நாள் அதிகம் இல்லை. சீக்கிரம் பதில் போடு.

உன் அண்ணி